திருச்சியை யார் யாருக்குக் காட்டுவது?

கேள்வி: எங்களுக்குத் தென்காசி பக்கம். மகளுக்குத் திருச்சி என்.ஐ.டி.யில் இடம் கிடைத்திருக்கிறது. ஆடி மாதத்தில் கொண்டுபோய் விட வேண்டும். நான், கணவர், மாமியார், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் எல்லோரும் போவதாக இருக்கிறோம். கணவர், "காலையில விட்டுட்டு ராத்திரி ரயிலேறிரலாம், அங்க நமக்கு என்ன வேலை?" என்கிறார். மாமியாருக்கு ஸ்ரீரங்கம், திருவானைக்கா, சமயபுரம், உச்சிப்பிள்ளையார் எல்லாம் பார்க்க ஆசை. எனக்கு மூன்று நாள் தங்கி, மகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டி, எது எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வர வேண்டும். இதைச் சொன்னதும் மகள், "நீங்க சுத்திப் பாருங்க, என்னைய விட்ருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். பிள்ளையைப் பிரிகிற நேரத்தில் ஊர் சுற்ற நினைப்பது தப்பா? எங்களோடு வரவே அவளுக்குப் பிடிக்கவில்லையா?
- ஒரு வாசகி

பதில் தருபவர்: மாணவர் மனநல ஆலோசகர்

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று நாள் தங்குங்கள். வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் தலைகீழாக மாற்ற வேண்டியிருக்கிறது. மகளுக்கு ஊரைக் காட்டப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். திருச்சி உங்களுக்கும் புதிதுதானே? நாலு வருஷம் அங்கே இருக்கப்போவது அவள். அவள்தான் உங்களுக்குக் காட்ட வேண்டும்.

முதலில் அந்த "என்னைய விட்ருங்க". அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பப் போகிற பிள்ளைகள் கடைசி இரண்டு மூன்று வாரங்களில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிடுசிடுப்பதை எல்லா வருஷமும் பார்க்கிறேன். அழுதுகொண்டு கிளம்புவதைவிடச் சண்டை போட்டுக்கொண்டு கிளம்புவது அந்த வயசுக்குச் சுலபம். இதில் இன்னொரு பயமும் இருக்கும். ஹாஸ்டல் வாசலில் ஆச்சி, தம்பி, பாய், கட்டைப்பை, முறுக்கு டின் சகிதம் இறங்கினால் மற்ற பெண்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம். பெரியவர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். பதினெட்டு வயசில் அறைத்தோழி முதல் பத்து நிமிஷத்தில் தன்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்பது உலகத்திலேயே பெரிய கேள்வி. உங்களோடு வரப் பிடிக்காமல் அவள் அதைச் சொல்லவில்லை. உங்கள் பின்னால் நடந்து வருவது பிடிக்காமல் சொல்லியிருக்கிறாள். முன்னால் நடக்கச் சொல்லிப் பாருங்கள்.

சேர்க்கைக்கு முதல் நாளே திருச்சிக்குப் போய்விடுங்கள். அறை எடுப்பது ஜங்ஷன், மத்தியப் பேருந்து நிலையம் பக்கமாக இருக்கட்டும். கல்லூரி நகரத்துக்குள் இல்லை. தஞ்சாவூர் சாலையில் இருபது கிலோமீட்டர் தள்ளித் துவாக்குடியில் இருக்கிறது. பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று துவாக்குடியிலேயே தங்கினால் மூன்று நாளும் ஹாஸ்டல் கேட்டைச் சுற்றித்தான் வருவீர்கள். அது யாருக்கும் நல்லதல்ல. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கல்யாணக் கூட்டம் இருக்காது, அறை கிடைப்பது ஓரளவு சுலபம். ஆடிப்பெருக்கையும் ஆடி வெள்ளியையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம் பெருக்கன்று ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. வெள்ளிக்கிழமை சமயபுரமும் திருவானைக்கா அகிலாண்டேஸ்வரி சன்னதியும் அப்படித்தான்.

அந்த முதல் நாள் முழுக்க மகளுடையது. ஆட்டோவோ வாடகைக் காரோ பேச வேண்டாம், டவுன் பஸ்ஸில் போங்கள். மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையம், திருவானைக்கா வழியாக ஸ்ரீரங்கம் போகிற 1-ஆம் நம்பர் பஸ் அந்த ஊரின் முதுகெலும்பு. அதைத் தெரிந்துகொண்டாலே பாதித் திருச்சி தெரிந்த மாதிரி. எந்தப் பக்கம் நின்று ஏற வேண்டும் என்று அவள் விசாரிக்கட்டும். நீங்கள் நாலு பேரும் இரண்டு வரிசை பின்னால் உட்காருங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எந்த பஸ் சாதாரணம், எது இல்லை என்பதை முகப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க அன்றைக்கே பழகிவிடுவாள். மெயின்கார்டு கேட்டில் இறங்குவதா, சத்திரத்தில் இறங்குவதா என்று குழம்பினால் கண்டக்டரைக் கேட்கட்டும். தப்பான இடத்தில் இறங்கினாலும் பேசாமல் கூடவே இறங்கிவிடுங்கள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்பது வாய் வரைக்கும் வரும், தெரியும். விழுங்கிவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே வழி தப்பி, விசாரித்து, திரும்பி வருவதற்குத்தான் அந்த நாளே. ஒரு மாதம் கழித்து இருட்டுகிற நேரத்தில் தனியாக முதல்முறை வழி தப்புவதைவிட இது நல்லதுதானே?

வாளி, கப், கொடிக்கயிறு, கிளிப், பூட்டு இதையெல்லாம் தென்காசியிலிருந்து சுமக்க வேண்டாம். மலைக்கோட்டை அடிவாரத்தில் என்.எஸ்.பி. ரோடும் சின்னக்கடைவீதியும் இருக்கின்றன. ஆடித் தள்ளுபடியில் போர்வை, தலையணை உறையெல்லாம் மலிவாகக் கிடைக்கும். கூட்டமும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்கும், ஆச்சியை அந்த நெரிசலுக்குள் இழுக்காதீர்கள். அப்புறம் ஒரு சின்ன யோசனை. வேண்டுமென்றே இரண்டு மூன்று பொருளை வாங்காமல் விட்டுவிடுங்கள். நோட்டு, மேசை விளக்கு, செருப்பு, இப்படி உடனே அவசரமில்லாதது எதுவானாலும் சரி. முதல் ஞாயிற்றுக்கிழமை அறைத்தோழியைக் கூட்டிக்கொண்டு வெளியே போக அது அவளுக்கு ஒரு சாக்கு. என்னிடம் வருகிற முதலாண்டுப் பிள்ளைகள் பலருக்கு வீட்டு ஞாபகம் வாட்டுவது வகுப்பு நாளில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு என்ன செய்வது, எங்கே போவது என்று தெரியாமல் கட்டிலில் படுத்து ஃபேனைப் பார்க்கிற நேரத்தில்தான். வளாகத்துக்கு வெளியே இது என்னுடைய இடம் என்று சொல்ல ஒரு தெருவோ ஒரு கடையோ இருக்கிற பிள்ளை அந்த ஞாயிறுகளைத் தாண்டிவிடுகிறது.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் உச்சிப்பிள்ளையாருக்கு ஏறச் சொல்லுங்கள். நானூறு படிக்கு மேல் இருக்கிறது. மாமியாருக்கு முழங்கால் ஒத்துழைக்காது என்றால் அடிவாரத்திலேயே மாணிக்க விநாயகர் இருக்கிறார். அங்கே அர்ச்சனை செய்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருங்கள். அப்பாவும் பிள்ளைகளும் மேலே போகட்டும். பாறையைக் குடைந்த இருட்டான படிக்கட்டு, பாதி வழியில் தாயுமானவர் கோயில், அதற்கும் மேலே ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோயில் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். உச்சியில் காற்று துப்பட்டாவைப் பிடுங்குகிற மாதிரி வீசும். அங்கே நின்றால் ஊர் முழுக்க வரைபடம் மாதிரி கீழே விரிந்து கிடக்கும். வடக்கே காவிரி, பாலம், அதற்கு அப்பால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். தென்கிழக்கே பொன்மலை. கிழக்கே தஞ்சாவூர் சாலை போகிற திசையில்தான் கல்லூரி. அவளிடம், "உன் காலேஜ் எந்தப் பக்கம்?" என்று அப்பா ஒரு கேள்வி கேட்டால் போதும். திசையைப் பார்த்துக் கை நீட்டிக் காட்டுகிறவளுக்கு ஊர் பாதி பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

இறங்கி வந்ததும் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை. லூர்து அன்னை ஆலயம், புனித வளனார் கல்லூரி எல்லாம் அங்கேதான். ராபர்ட் கிளைவ் தங்கியதாகச் சொல்கிற வீடும் குளத்தை ஒட்டியே இருக்கிறது. எட்டாம் வகுப்புத் தம்பிக்குச் சமூக அறிவியல் பாடத்தில் வருகிற ஆள், காட்டுங்கள். மெயின்கார்டு கேட் பக்கத்தில் மைக்கேல் ஐஸ்கிரீம் என்று ஒரு பழைய கடை உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக நிற்கிற இடம். அங்கே காசு கொடுப்பது மகளாக இருக்கட்டும்.

சத்திரத்திலிருந்து துவாக்குடி பஸ்ஸில் ஏறிக் கல்லூரி வாசல் வரைக்கும் அன்றே ஒரு தடவை போய்வர முடிந்தால் ரொம்ப நல்லது. காலையிலேயே இதை முடித்துவிட்டுக் கடைவீதியைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பால்பண்ணை, திருவெறும்பூர், பெல் தொழிற்சாலை எல்லாம் தாண்டிப் போக வேண்டும். நெரிசலில் ஒரு மணி நேரம் பிடிக்கும். தஞ்சாவூர் போகிற வெளியூர் பஸ்ஸில் ஏறுவதாக இருந்தால், "துவாக்குடி நிக்குமா?" என்று கேட்காமல் ஏறக் கூடாது. நிற்காத வண்டியில் ஏறிவிட்டால் அடுத்து எங்கே இறக்கிவிடுவார்கள் என்பது டிரைவர் மனசைப் பொறுத்தது. பழைய ஆட்கள் கல்லூரியை இன்னும் ஆர்.இ.சி. என்றுதான் சொல்வார்கள். 1964-இல் தொடங்கும்போது மண்டலப் பொறியியல் கல்லூரி, என்.ஐ.டி. ஆனது 2003-இல்தான். யாராவது ஆர்.இ.சி. என்று சொன்னால் வேறு ஏதோ கல்லூரி என்று அவள் முழிக்க வேண்டாம்.

இவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் கல்லூரியில் பாதி இடம்தான் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு, மீதிப் பாதி வெளிமாநிலத்தவர்களுக்கு. உங்கள் மகளின் அறைத்தோழி ஆந்திராவாகவோ ராஜஸ்தானாகவோ இருக்கலாம். அந்தப் பெண்ணுக்குப் பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைக்கூடப் படிக்கத் தெரியாது. அப்போது உங்கள் மகள்தான் அந்த ஊர்க்காரி. "வா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று முதல் வாரத்திலேயே சொல்ல முடிகிற பெண்ணுக்கு நட்பு தானாக வந்துவிடும். தென்காசியிலிருந்து வந்து இங்கிலீஷ் சரளமாக வராமல் ஒதுங்கி நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பஸ்ஸில் அலைந்ததற்கு இதைவிடப் பெரிய லாபம் வேண்டாம்.

இரண்டாம் நாள், சேர்க்கை நாள். அன்றைக்கு ஊர் சுற்றலே கிடையாது. "வழியிலதானே, திருவெறும்பூர்க் கோயில எட்டிப் பாத்துட்டுப் போயிரலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். குன்றின் மேல் எறும்பீஸ்வரர், அழகான சோழர் காலக் கோயில்தான். ஆனால் அன்றைக்கு வேண்டாம், அவள் கவனம் எதிலும் நிற்காது. சான்றிதழ் ஃபைல் அவள் கையில் இருக்கட்டும், வரிசையில் அவளே நிற்கட்டும். ராகிங் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழியில் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், அதற்கு மட்டும் முன்னால் போங்கள். அந்தக் கையெழுத்தைப் போடும்போதே 1800-180-5522 என்ற தேசிய ராகிங் தடுப்பு உதவி எண்ணை அவள் போனில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். தேவைப்படாது என்றே நம்புவோம்.

அறைக்குள் போனதும் உங்கள் கை தானாகவே போர்வையை விரிக்கப் போகும். அலமாரியைத் துடைக்கப் போகும். துடையுங்கள், அது வரைக்கும் சரி. எது எங்கே இருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். அறைத்தோழியின் அம்மா வந்திருந்தால் நம்பர் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. அந்த நம்பரை வைத்துக்கொண்டு "எம்பொண்ணு சாப்ட்டாளா?" என்று அந்தப் பெண்ணிடம் விசாரிப்பதுதான் தப்பு. மாமியாரும் தம்பியும் வர வேண்டுமா என்றால், தம்பி வரட்டும். அக்கா இனிமேல் எங்கே இருப்பாள் என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும். ஆச்சி வருவதை மகளிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். அவள் வேண்டாம் என்றால் முதல் நாள் ராத்திரியே திருநீறு பூசி ஆசீர்வாதம் செய்துவிடலாம்.

கிளம்பும் நேரம் முக்கியம். ராத்திரி மெஸ்ஸுக்கு எல்லோரும் போகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பிவிடுங்கள். நீங்கள் அதற்கு மேல் இருந்தால், "நாங்க இருக்கும்போது ஹாஸ்டல் சாப்பாடு எதுக்கு?" என்று வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். முதல் ராத்திரி மெஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்களோ, அவர்கள்தான் பல பேருக்கு நாலு வருஷச் சிநேகிதிகள். அதைக் கெடுக்காதீர்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், ஒளிக்க வேண்டியதில்லை. கேட் வரை போய்த் திரும்பி வந்து, மறுபடியும் போய், மறுபடியும் கூப்பிட்டு, இந்த அரை மணி நேர இழுபறி மட்டும் வேண்டாம்.

மூன்றாம் நாள் உங்களுடையது. உங்கள் கேள்விக்கு நேரான பதிலும் இதுதான்: பிரிகிற நேரத்தில் ஊர் சுற்றுவது தப்பே இல்லை. விட்டுவிட்டு அன்று ராத்திரியே ரயிலேறினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். விடிகாலையில் வீட்டுக் கதவைத் திறக்கிறீர்கள், அவள் அறை காலியாக இருக்கிறது, உங்கள் நாலு பேருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காது. நடுவில் ஒரு நாள் வேண்டும். வீட்டுக்காரர் "என்ன வேலை?" என்று கேட்பதற்கும் எனக்குத் தெரிந்த காரணம் இதுதான், அவருக்கு நின்று பார்க்கத் தைரியமில்லை. அப்பாக்கள் பெரும்பாலும் ரயில் டைம்டேபிளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள்.

அன்று காலையில் மாமியாருக்காகத் திருவானைக்காவும் ஸ்ரீரங்கமும். முதலில் திருவானைக்கா. பஞ்சபூதத் தலங்களில் நீருக்கான தலம். கருவறையில் லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறும். கோயிலுக்குப் பக்கத்திலேயே பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட், காபி. அப்புறம் ஸ்ரீரங்கம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் தீவு மாதிரி இருக்கிற ஊர் அது. கோயிலுக்கு ஏழு பிராகாரம், இருபத்தொரு கோபுரம். வெளிச்சுற்றுகளில் வீடும் கடையும் பள்ளிக்கூடமுமாக ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 236 அடி ராஜகோபுரம் பழசு மாதிரி தெரிந்தாலும் முழுசாகக் கட்டி முடித்தது 1987-இல்தான். பல நூறு வருஷம் மொட்டைக் கோபுரமாக நின்றிருந்தது. நடை அதிகம், வெயில் ஏறிவிட்டால் தரை காலைச் சுடும், பெரியவரைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். சமயபுரத்தையும் அதே நாளில் திணித்தால் எல்லோரும் எல்லோரிடமும் எரிந்து விழுவீர்கள். ஒன்றை விட்டுவிடத்தான் வேண்டும். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஸ்ரீரங்கத்தைச் சுருக்கிக்கொண்டு சமயபுரம் போகலாம். கல்லணையை மட்டும் விடாதீர்கள்.

கல்லணையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், ஆடியில் அங்கே தண்ணீர் ஓடும். கரிகாலன் கட்டியதாக நாம் படித்த அணை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவிரி வேலைக்கு வந்த ஆர்தர் காட்டன் இதைப் பார்த்து வியந்தார். ஆற்று மணலில் பாறைகளைப் போட்டு, அவை புதையப் புதைய மேலே மேலே அடுக்கி அஸ்திவாரம் அமைத்த முறையை அதிலிருந்துதான் கற்றுக்கொண்டார். மேலே முக்கொம்பில் 1836-இல் அவர் கட்டத் தொடங்கியதுதான் மேலணை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிந்து போவதைப் பாலத்தின் மேல் நடந்தபடியே பார்க்கலாம். பேச்சே வராத நாளில், நடந்துகொண்டு பார்க்கிற மாதிரி ஒரு இடம் புருஷன் பெண்டாட்டிக்கு வேண்டும். ஒரு எச்சரிக்கை: கல்லணைக்குத் திருவெறும்பூர் வழியாகவும் சாலை உண்டு. திருவானைக்கா, உத்தமர்சீலி வழியாகவே போய் அதே வழியில் திரும்புங்கள். திருவெறும்பூர் வழி போனால், "இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு எட்டு ஹாஸ்டலைப் பாத்துட்டுப் போயிரலாமே" என்று உங்களில் ஒருவர் சொல்லியே தீருவீர்கள். அது நீங்களாக இருக்காது, அவராகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

காவிரியில் யாரும் இறங்க வேண்டாம். மேலே அசைவில்லாமல் ஓடுகிற மாதிரி தெரியும், அடியில் பள்ளமும் சுழலும் இருக்கும். மகளிடமும் இதை ஒரு தடவை, ஒரே தடவை, கறாராகச் சொல்லுங்கள். கூட்டமாகச் சேர்ந்து ஆற்றுக்குக் குளிக்கப் போவது கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதல் வருஷ உற்சாகம். பார்த்துவிட்டு வரலாம், கால் நனைக்கிற ஆசையைப் படித்துறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நூறு புத்திமதியில் ஒன்றாக இதைச் சொன்னால் காதில் ஏறாது. மற்ற தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு இதை மட்டும் சொல்லுங்கள்.

தம்பியைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அவனுக்கு இது லேசான விஷயம் இல்லை. இனி வீட்டில் சண்டை போட ஆள் கிடையாது, அப்பா அம்மா கவனம் மொத்தமும் அவன் மார்க் ஷீட் மேல் விழும். அதை நினைத்து உள்ளுக்குள் கலங்கிப்போயிருப்பான். ஜங்ஷன் பக்கத்தில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் பெரிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. இரண்டில் எது என்று அவனையே கேளுங்கள். இரண்டும் வேண்டாம், அறையில் படுத்து போன் பார்க்கிறேன் என்றால் அதுவும் சரிதான், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அந்த மூன்றாம் நாளில் மகளுக்கு நீங்களாகப் போன் போடாதீர்கள். கோயிலில் எடுத்த படம் ஒன்றை அனுப்பினால் போதும். அவள் கூப்பிட்டால் எடுங்கள். அழுதால் கேட்டுக்கொள்ளுங்கள், "உடனே வர்றோம், இங்கதானே இருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இருபது கிலோமீட்டரில் இருந்துகொண்டு போகாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால் முதல் நாள் அழுத பிள்ளை மறுநாள் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது. வீட்டு ஞாபகம் முதல் சில வாரங்களுக்கு அலையடித்துவிட்டு மெதுவாக அடங்கும். சாப்பாடு, தூக்கம் இரண்டும் சேர்ந்து கெட்டு, வகுப்புக்குப் போவதே நின்று, மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் அப்போது கல்லூரி ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். வாரக் கடைசியில் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்வது அதற்கு மருந்தில்லை.

உங்களுக்கும் இதில் ஒரு பலன் உண்டு. இனி அவள் போனில், "அம்மா, சத்திரத்துல நிக்கேன், பஸ் இன்னும் வரல" என்பாள். அந்த இடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு கூட்டம், பக்கத்தில் என்ன கடை என்று தெரியும். பார்க்காத ஊரை மனசு எப்போதும் பயங்கரமாகத்தான் கற்பனை செய்துகொள்ளும்.

கடைசியாக, அவள் வீட்டுக்கு வருகிற வழி. மதுரை, தென்காசிப் பக்கம் போகிற வெளியூர் பஸ்களுக்கு இப்போது பஞ்சப்பூர் முனையம். 2025-இல்தான் அங்கே மாற்றினார்கள், ஊர்க்காரர்களுக்கே இன்னும் பழகவில்லை. மூன்றாம் நாள் நேரம் இருந்தால் நீங்கள் எட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் அவளே பார்த்துக்கொள்வாள். ரயிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து வரும்போது நள்ளிரவு தாண்டித்தான் திருச்சியைத் தொடும். துவாக்குடியிலிருந்து அந்த நேரத்துக்கு முதல் தடவையே தனியாக ஜங்ஷன் வந்து நிற்பது சரிப்படாது. மயிலாடுதுறையிலிருந்து செங்கோட்டைக்குப் பகலில் ஓடுகிற ரயில் தஞ்சாவூர், திருச்சி, மதுரை வழியாகத்தான் வருகிறது. அதில் மணப்பாறை முறுக்கை வாங்கிக் கொறித்துக்கொண்டே ராத்திரிக்குள் தென்காசி வந்து இறங்கிவிடலாம். தீபாவளிக்குக் கூட்டம் தாங்காது என்பதால் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு முன்பதிவு வண்டியில் வருவதுதான் உத்தமம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. எந்தத் தேதியில் திறக்கும் என்று வீட்டுக்காரரைக் கணக்குப் போட்டு மகளுக்கு அனுப்பச் சொல்லுங்கள். டிக்கெட்டை அவள் தன் போனிலேயே எடுக்கட்டும்.